தனி யார்?

பல் டாக்டருடைய தங்கையின் கல்யாண ஆல்பத்தில் ஒரு குடும்பப் போட்டோ இருக்கிறது. அப்பா, அம்மா, பெண், மாப்பிள்ளை, சம்பந்தி வீட்டார் எல்லோரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். வலது ஓரத்தில், பெண்ணின் அண்ணன் நிற்பதற்கென்று விட்ட இடத்தில் மட்டும் ஒரு ஸ்டாண்டு ஃபேன் நிற்கும். அன்றைக்கு ஒரு நோயாளியின் கடைவாய்ப்பல் வரமாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டது. அதைச் சமாதானப்படுத்திப் பிடுங்கிவிட்டு டாக்டர் மண்டபத்துக்கு ஓடியபோது, போட்டோக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிரே வந்துகொண்டிருந்தார்.

இந்தக் காரணத்தைத் தங்கை காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஆல்பத்தை யாருக்குக் காட்டினாலும், "இது எங்க அப்பா, இது எங்க அம்மா, இது எங்க அண்ணன்" என்று ஃபேனைத் தொட்டுக் காட்டுவாள்.

கல்யாணமாகி அவள், மண்டபத்துக்காரரிடம் அந்த ஃபேனையும் விலைக்கு வாங்கிக்கொண்டு, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளை பிறந்தபோது டாக்டர் போகவில்லை. மாப்பிள்ளைக்கு ஆபரேஷன் நடந்தபோதும் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் யாருடைய வாயோ திறந்தபடி அவருக்காகக் காத்திருந்தது. இப்போது அவள் சொந்தமாக வீடு கட்டிவிட்டாள்.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை புது வீட்டுல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறோம். நீ வர்றே" என்றாள் போனில்.

"கண்டிப்பா வர்றேன் பாப்பா." பாப்பாவுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. ஆனாலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"கண்டிப்பான்னு சொல்லாதே. அதைக் கேட்டாலே பயமா இருக்கு. மத்தியானம் தட்டு வைக்கிறப்ப நீ இல்லேன்னு வெச்சுக்கோ, உன் நாற்காலியில ஃபேனைத் தூக்கி உக்கார வெச்சிடுவேன். அப்புறம் நீ வரவே வேணாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கடைசி வார்த்தையில் மட்டும் குரல் பிசிறியது. டாக்டருக்கு, இந்தத் தடவை போகாவிட்டால் தங்கை உண்மையாகவே கை கழுவிவிடுவாள் என்று தெரிந்துவிட்டது.

நல்ல வேளையாக அவரிடம் சொந்தமாக ஒரு குட்டி விமானம் இருந்தது. இரண்டே இருக்கை. லைசென்ஸ் எடுத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊருக்கு மேலே ஒரு வட்டம் அடித்துவிட்டுப் புறப்பட்ட இடத்திலேயே இறங்குவார். "எங்கேயும் போகாம திரும்பி வர்றதுக்கு எதுக்கு இவ்வளவு பெட்ரோல்?" என்று அவர் மனைவி கேட்பாள். இப்போது எங்கேயாவது போக ஒரு வழி பிறந்தது. கடலைத் தாண்ட, ஒரு முரட்டுக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்குகிற நேரம்கூட ஆகாது. மனைவி தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போயிருந்ததால் அவர் தனியாகத்தான் கிளம்பினார். காலி இருக்கையில் தங்கைக்கு ஒரு புத்தம்புது ஸ்டாண்டு ஃபேனை வைத்துப் பெல்ட்டும் போட்டுவிட்டார். பழைய ஃபேனுக்கு அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

ஒரு முத்திரை மட்டும் பாக்கி இருந்தது.

ஓடுபாதையின் கோடியில், முன்பு பெயின்ட் டப்பாக்கள் அடுக்கி வைத்திருந்த அறையில், எல்லைத் தகவல் பாதுகாப்புப் பிரிவு இயங்கியது. குப்பைக் கூடைக்குப் பூட்டு போட்டிருந்தார்கள். ஜெராக்ஸ் மெஷின் சங்கிலியால் ஜன்னல் கம்பியோடு கட்டப்பட்டிருந்தது. சுவரில் மாட்டியிருந்த அறிவிப்புப் பலகையை யாரும் படித்துவிடாதபடி செய்தித்தாளால் மூடி ஒட்டியிருந்தார்கள். 'தகவல் பெறுமிடம்' என்ற ஜன்னலுக்குக் கீழே, 'பாதுகாப்புக் காரணங்களால் இங்கே தகவல் தரப்பட மாட்டாது' என்று ஒரு காகிதம் தொங்கியது.

மொத்தம் இரண்டு கவுன்ட்டர்கள். ஒன்று தகவலை வாங்குவதற்கு, மற்றது காப்பதற்கு. இரண்டுக்கும் ஒரே குமாஸ்தா. சக்கரம் வைத்த நாற்காலியில் காலால் உந்தி உந்தி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டுகொண்டிருந்தார்.

"சார், எல்லா விவரத்தையும் போன வாரமே ஆன்லைன்ல ஏத்திட்டேன். முத்திரை மட்டும் குத்திக் குடுத்தீங்கன்னா கிளம்பிடுவேன்" என்றார் டாக்டர்.

"பேரு?"

டாக்டர் சொன்னார். குமாஸ்தா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

"என்ன சார் நீங்க? படிச்சவரு மாதிரி இருக்கீங்க, பேரை இப்படிப் போட்டு உடைக்கிறீங்களே!"

"நீங்கதானே கேட்டீங்க?"

"கேக்கறது என் கடமை. சொல்லாம இருக்கறது உங்க கடமை."

குமாஸ்தா பெருமூச்சு விட்டுக்கொண்டு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். திரை முழுவதும் நட்சத்திரக் குறிகள்.

"இதுல உங்களுது எதுன்னு காட்டுங்க."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே சார்? எழுத்தை எண்ணியாவது கண்டுபிடிக்கலாம்னு பாத்தா, எல்லாருக்கும் ஏழு நட்சத்திரம்தான் இருக்கு."

"பின்னே? எழுத்தை எண்ணினா பேரைக் கண்டுபிடிச்சிடலாம்னு உங்களுக்கே தோணுது பாருங்க. திருடனுக்குத் தோணாதா?"

"ரகசியக் குறிச்சொல்லைப் போட்டா திறக்குமாமே?"

"திறக்கும். உங்களுக்கு வந்துதா?"

"வரலையே."

"வராது. அனுப்பினா வழியில யாராவது படிச்சிடுவாங்கன்னு நாங்க அனுப்பறதே இல்ல."

அவசரக்காரர்களுக்கென்று ஒரு காகிதப் படிவம் இருந்தது. டாக்டர் மளமளவென்று எழுதிக் கொடுத்தார். குமாஸ்தா முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு அதை வாங்கி, மடித்து, ஓர் உறையில் போட்டு, அரக்கு வைத்துவிட்டு அடுத்த கவுன்ட்டருக்கு உருண்டார்.

"படிக்க மாட்டீங்களா?"

"படிச்சா எனக்குத் தெரிஞ்சிடுமே, சார்."

ஆனால் அந்த உறையில் கண்ணாடிக் காகிதம் ஒட்டிய ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. படிவத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் அது வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. அலுவலகத்தால் படிக்க முடிந்த கட்டம் அது ஒன்றுதான் என்பதால், அலுவலகத்தின் முழுக் கவனமும் அதன் மேல்தான்.

அந்தக் கட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. விமானம் அரசாங்கத்துடையதா, தனியாருடையதா என்று கேட்பதற்காக ஏற்பட்டது அது. கட்டம் ஒடுக்கமாக இருந்ததால் அச்சகத்தில் 'தனி' என்பதை மேல் வரியிலும் 'யார்' என்பதை அடுத்த வரியிலும் போட்டுவிட்டார்கள். பிறகு வந்த ஓர் அதிகாரி, கேள்விக்குறி விட்டுப்போயிற்று என்று கண்டுபிடித்துச் சேர்த்தார். அந்தக் கூர்மைக்காக அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

"தனி யார்?" என்று குமாஸ்தா ஜன்னல் வழியாகப் படித்தார்.

"அது ஒரே வார்த்தை சார். தனியார். தனியார் விமானமான்னு கேக்கறாங்க."

குமாஸ்தா பரிதாபமாகச் சிரித்தார். "கேள்விக்குறி கண்ணுக்குத் தெரியலையா? விமானத்துல தனியா இருக்கறது யாருன்னு கேக்கறாங்க."

"அப்ப நான்தான். நான் ஒருத்தன்தான் போறேன்."

"அப்படி வாங்க வழிக்கு. நீங்க தனியாத்தான் போறீங்கங்கறதுக்கு யாரு சாட்சி?"

டாக்டர் பேந்தப் பேந்த விழித்தார். "தனியா போறவனுக்கு எப்படி சார் சாட்சி இருக்கும்?"

"அது மேலிடத்து விஷயம்" என்று சொல்லிவிட்டுக் குமாஸ்தா நாற்காலியோடு உருண்டுபோய்ப் பின்கதவைத் தட்டினார்.

கண்காணிப்பாளர் வந்தார். வாட்டசாட்டமான மனிதர். கதவை முழுசாகத் திறந்த பிறகும் கொஞ்சம் பக்கவாட்டில்தான் வர வேண்டியிருந்தது. சட்டைப் பையில் தொங்கிய அடையாள அட்டையில் பெயரும் போட்டோவும் இருந்த இடங்களைக் கறுப்பு மையால் அடித்திருந்தார். அந்த நேரம் பார்த்து டாக்டரின் போன் சிணுங்கியது. தங்கை ஒரு படம் அனுப்பியிருந்தாள். சாப்பாட்டு மேஜை, சுற்றி நாற்காலிகள், ஒரு காலி நாற்காலிக்குப் பக்கத்தில் அந்தப் பழைய ஃபேன். கீழே, 'நாற்காலி ரெடி, ஃபேனும் ரெடி' என்று எழுதியிருந்தாள்.

"சார், என் தங்கச்சி வீட்டுல சாப்பிட உக்காரப் போறாங்க. நான் அங்க இருந்தாகணும். தயவுபண்ணுங்க சார்" என்றார் டாக்டர். கெஞ்சுவது அவருக்குப் பழக்கமில்லை. அவரிடம்தான் மற்றவர்கள் கெஞ்சுவார்கள்.

"பதறாதீங்க" என்று கண்காணிப்பாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாவத் தொடங்கினார். "இது எப்பேர்ப்பட்ட பிரிவுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. இது ஆரம்பிச்ச நாள்லேருந்து இங்கேருந்து ஒரு தகவல்கூட வெளியே கசிஞ்சதில்ல. ஏன்னு கேளுங்க."

"ஏன் சார்?"

"உள்ள வந்தாத்தானே கசியும்! மத்த ஆபீஸ்ல எல்லாம் தகவலை வாங்கி வெச்சுக்கிட்டு, ஐயோ போச்சேன்னு அடிச்சுக்கறாங்க. நாங்க வேரிலேயே கிள்ளிட்டோம். போன மாசம் மேலிடத்துலேருந்து தணிக்கைக்கு வந்தாங்க. 'இதுவரைக்கும் யார் யார் எல்லை தாண்டிப் போயிருக்காங்க?'ன்னு கேட்டாங்க. 'எங்களுக்குத் தெரியாது'ன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அசந்துபோயிட்டாங்க!"

குமாஸ்தா கை தட்டினார். டாக்டரும் தட்டிவைத்தார்.

"இப்ப உங்க விஷயத்துக்கு வருவோம். விதி என்ன சொல்லுது? தனியா பயணம் பண்றதுக்குச் சாட்சி சொல்றவர் பயணம் முழுக்கக் கூடவே இருந்து பாத்திருக்கணும். எங்க பிரிவு ஆளா இருந்தா இன்னும் விசேஷம். குமாஸ்தாவை அனுப்பலாம். ஆனா இவருக்கு நாற்காலி கொஞ்சம் வேகமா உருண்டாலே வாந்தி வரும். ஆகவே, நானே வர்றேன்."

"நீங்க கூட வந்தா நான் எப்படி சார் தனி ஆவேன்?"

"நான் பயணி இல்லையே. சாட்சி. ஒரு கல்யாணத்துல சாட்சிக் கையெழுத்து போட்டவன் மாப்பிள்ளை ஆயிடுவானா?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். தட்டு வைக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எப்படியாவது கிளம்பினால் போதும் என்று ஆகிவிட்டது அவருக்கு. கண்காணிப்பாளர் ஒரு வெள்ளைத் தாளில் சான்றிதழ் எழுதினார்: 'இவ்விமானத்தில் விமானியைத் தவிர வேறு எவரும் இல்லை என்பதை, இவ்விமானத்தில் பயணம் முழுவதும் உடனிருந்து நேரில் கண்டு உறுதி செய்கிறேன்.' கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார்.

விமானத்துக்குப் பக்கத்தில் அடுத்த சங்கடம் வந்தது. "உங்க எடை எவ்வளவு சார்? சின்ன விமானம். கணக்குப் பாத்துத்தான் ஏத்தணும்" என்றார் டாக்டர்.

கண்காணிப்பாளரின் முகம் சிவந்தது. "எடை என்னோட தனிப்பட்ட தகவல். என் வீட்டுக்காரிக்கே சொன்னதில்ல."

டாக்டர் அவரைக் கண்ணாலேயே மேலும் கீழும் ஒரு தடவை எடை போட்டார். பிறகு ஒன்றும் பேசாமல் புது ஃபேனைப் பெல்ட்டிலிருந்து அவிழ்த்துக் கீழே இறக்கினார். அதை அங்கேயே தரையில் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசே வரவில்லை. குமாஸ்தா அதைப் பத்திரமாகப் பூட்டி வைப்பதாக வாக்களித்தார். யாருடைய ஃபேன் என்பதை மட்டும் குறித்துவைக்க முடியாதாம்.

விமானத்தின் வாலில் எழுதியிருந்த பதிவெண்ணின் மேல் கண்காணிப்பாளர் தம் கையாலேயே செய்தித்தாளை ஒட்டினார். மேலே ஏறியதும் டாக்டர் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கூப்பிட்டார்.

"யாரு பேசறது? பதிவெண் சொல்லுங்க" என்று கோபுரத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"சொல்லாதீங்க!" என்று சாட்சி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லம்மா, அதை வந்து... சொல்லக் கூடாதாம்" என்று மென்று விழுங்கினார் டாக்டர்.

"அட, பல் டாக்டரா? உங்க குரலைக் கேட்டாலே எனக்கு இடது பக்கம் கூசுது. போங்க, போங்க, வழி காலியாத்தான் இருக்கு."

கண்காணிப்பாளருக்கு முகம் விழுந்துவிட்டது. இத்தனை வருஷப் பாதுகாப்பும் ஒரு சொத்தைப் பல்லால் போயிற்றே என்று முனகினார். ஆனால் கீழே கடல் வெயிலில் தகதகவென்று மின்ன ஆரம்பித்ததும் அதை மறந்து, குழந்தை மாதிரி கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டார். "நான் இதுவரைக்கும் எல்லை தாண்டினதே இல்ல டாக்டர்" என்றார். டாக்டருக்கு அவர் மேல் முதல் தடவையாகக் கொஞ்சம் பிரியம் உண்டாயிற்று.

அந்தப் பக்கம் இறங்கிய இடத்திலும் ஒரு சின்ன அறை, ஒரு கவுன்ட்டர். உள்ளே மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த ஓர் அதிகாரி அம்மா. இரண்டு நாடுகளுக்கும் மற்ற எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. இந்தப் படிவத்தை மட்டும் ஒரே அச்சகத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தனி யார்?" என்றார் அந்த அம்மா.

"நான்தாம்மா" என்று டாக்டர் சான்றிதழை நீட்டினார்.

அந்த அம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் படித்தார். டாக்டரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் கதவை அடைத்துக்கொண்டு நின்றவரையும் பார்த்தார். மறுபடி படித்தார்.

"விமானத்துல வேற யாரும் இல்லேன்னு போட்டிருக்கு. இது யாரு கையெழுத்து?"

"என்னுடையது" என்று கண்காணிப்பாளர் முன்னால் வந்தார்.

"நீங்க எதுல வந்தீங்க?"

"இதே விமானத்துலதான். கூடவே இருந்து நேர்ல பாத்தேன். யாரும் இல்ல."

"அப்படியா?" அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நீங்க பொய்ச் சான்றிதழ் குடுத்தீங்களா? இல்ல, நீங்க இல்லையா?"

கண்காணிப்பாளரின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. பொய்ச் சான்றிதழ் என்றால் வேலை போய்விடும், பிரிவின் மானமும் போய்விடும். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"நான் இல்லை" என்றார் கம்பீரமாக.

"ரொம்ப நல்லது. உங்க பேரு?"

"அது தனிப்பட்ட தகவல்."

"அதுவும் சரிதான். இல்லாதவருக்கு எதுக்குப் பேரு?" என்று அந்த அம்மா டாக்டரின் தாளில் நச்சென்று முத்திரை குத்தினார். "ஒருத்தர் வந்தார். ஒருத்தர் போகலாம். சாயங்காலம் எப்படி வந்தீங்களோ அப்படியே திரும்பிப் போங்க, தனியா."

டாக்டர் தயங்கினார். "அம்மா, இவரு பாவம், எனக்காகத்தான்..."

"எவரு?" என்றார் அந்த அம்மா. முகத்தில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"போங்க டாக்டர்" என்று கண்காணிப்பாளரே தாழ்ந்த குரலில் சொன்னார். "என்னைப் பத்திப் பேசினீங்கன்னா சாட்சி கெட்டுப்போயிடும். தங்கச்சி காத்துக்கிட்டிருக்காங்க, போங்க." சொல்லிவிட்டு ஓரமாக இருந்த பெஞ்சில், யாரும் உட்காரவில்லை என்பது போல உட்கார்ந்துகொண்டார். பெஞ்சு மட்டும் அதை ஒப்புக்கொள்ளாமல் கிறீச்சிட்டது.

டாக்டர் டாக்ஸி பிடித்துப் பறந்தார். வீட்டுக்குள் ஓடியபோது தட்டுகள் எல்லாம் வைத்தாகிவிட்டது. தங்கை ஃபேனை இரண்டு கையாலும் தூக்கி நாற்காலிக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, இறக்கு!" என்று கத்தினார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஃபேனை மாப்பிள்ளை கையில் திணித்துவிட்டு வந்து, அண்ணன் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். பிறகு அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டருக்கோ, இதற்காக எத்தனை படிவம் வேண்டுமானாலும் எழுதலாம் என்று தோன்றியது.

சாப்பாடு முடிந்து போட்டோவும் எடுத்தார்கள். ஃபேன் அடுத்த அறையில் இருந்தது. எல்லோரும் கலைந்த பிறகு தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏண்ணா, புது வீட்டுக்கு இப்படியா கையை வீசிக்கிட்டு வருவே?"

"உனக்குன்னு ஒரு ஃபேன் வாங்கி விமானத்துல ஏத்தினேன் பாப்பா. அப்புறம் இடம் இல்லேன்னு இறக்கி வெச்சுட்டேன்."

"இடம் இல்லையா? யாரு கூட வந்தா?"

"யாரும் இல்ல. தனியாத்தான் வந்தேன். சான்றிதழே இருக்கு."

தங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆனால் அண்ணன் வந்துவிட்ட சந்தோஷத்தில் மேற்கொண்டு துருவவில்லை. டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா, போறப்ப ஒரு ஆளுக்குச் சாப்பாடு கட்டிக் குடுக்கறியா?"

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல."

"யாருக்கும் இல்லையா?"

"ஆமா. கொஞ்சம் தாராளமாவே வை. ஆள் வாட்டசாட்டமா இருப்பாரு."